'இன்றைக்கு இல்லை' என்று சொல்லும் மீன்கடை

சென்னையின் தென்பகுதியில், ஒரு குப்பத்தின் மணலோரத்தில், தார்ப்பாய் நிழலில் நான்கு தட்டுகளோடு நடக்கும் ஒரு மீன்கடையில் ஓராண்டாக வாங்கி வருகிறேன். பெயர்ப்பலகையும் இல்லை, விலைப்பலகையும் இல்லை. கடையை நடத்தும் அம்மா, தம் வீட்டு ஃபைபர் படகில் வரும் மீனை முதலில் விற்கிறார். அது போதாத நாளில் மட்டும் காசிமேட்டு ஏலத்தில் எடுத்து வருகிறார். எந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார். அதற்காகவே முதலில் இந்தக் கடைக்கு மாறினேன்.

மாறுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கைப்பேசியில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்திடம் முன்பு சங்கரா மீன் வாங்கியபோது, சுண்டுவிரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய குஞ்சுகள் ஒரு கிலோ வந்து சேர்ந்தன. சுத்தம் செய்த பிறகு முள்தான் மிஞ்சியது. விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடியின் கடைசிப் பையில் கண்ணி, அதாவது வலைத்துளை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அந்த விதியை மீறிய மடிகளில் சிக்கும் இத்தகைய குஞ்சுகள் பெரும்பாலும் கழிவு மீனான கழசலோடு சேர்ந்து மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழித் தீவனமாகும். கொஞ்சம் நம் வீட்டுக் குழம்புக்கும் வருகிறது.

இந்தக் கடையில் அது நடப்பதில்லை. அந்த அம்மா ஒரு சங்கராவை எடுத்துத் தம் உள்ளங்கையில் கிடத்துவார். தலை மணிக்கட்டில் இருக்க, வால் நடுவிரலைத் தாண்ட வேண்டும். தாண்டாதவற்றை ஏலத்தில் எடுப்பதே இல்லை என்கிறார். எனவே பல நாள்களில் சங்கரா கேட்டால் கிடைக்கும் பதில், "இன்றைக்கு இல்லை தம்பி" என்பதுதான். பக்கத்துக் கடையைவிடக் கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறேன், கொடுப்பதில் வருத்தமில்லை.

கடந்த மார்கழியில் வாங்கிய சங்கராவைக் கீறியபோது சினை நிறைந்திருந்தது. "முன்னெல்லாம் வெயில் காலத்திலயும் சினை மீன் நிறைய வரும், இப்போ மழைக்கும் பனிக்கும்தான்" என்றார் அவர். இது வெறும் கடற்கரைப் பேச்சு அன்று. மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சென்னைக் கடலில் சங்கரா இனங்களைப் பல ஆண்டுகள் கவனித்து, கடல் மேற்பரப்பு வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்ட, அவை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களுக்கு மாறியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடையோ இன்றும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையே நடக்கிறது. எல்லா மீனுக்கும் பொதுவான தடைக்காலத்தை ஒரு மீனுக்காக நகர்த்த முடியாது என்பது உண்மைதான்; ஆனால் சங்கரா சினை பிடிக்கும் மாதங்களில் அதைக் காக்க ஒரு தடைக்காலமும் இல்லாதபோது, எஞ்சியிருப்பது மடிக்கண்ணியும் இந்த அம்மாவின் உள்ளங்கையும்தான்.

மத்தி இங்கே மலிவாகவும் கொழுப்போடும் கிடைக்கிறது. கவலை மீனையும் மத்தியையும் கலந்து விற்காத கடை இதுதான். ஒரு தலைமுறைக்கு முன் கேரள, கர்நாடகக் கரைகளோடு பெரும்பாலும் நின்றுவிட்ட மீன் மத்தி. கடல் சூடேறிய பின் கிழக்குக் கரையிலும் பெருகிவிட்டது. இதை நமக்குக் கிடைத்த லாபமாக எண்ணிவிட வேண்டாம். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் வெறும் 3,297 டன்னாகச் சுருங்கியது. கடலின் போக்கு மாறியதோடு, வளர்வதற்கு முன்பே அள்ளியதும் சேர்ந்துகொண்டது. கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடியைத் தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் அதை இடைக்காலமாக அனுமதித்தது. அந்த எல்லைக்குள் வந்து வளைப்பவர்களையும், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி போடும் விசைப்படகுகளையும் பற்றிக் கேட்டால், அந்த அம்மா அறுந்த வலை ஒன்றைக் காட்டுகிறார். மகன் முதல் நாள் மாலை விரித்துவிட்டு வந்த வலையை, இரவில் ஏதோ ஒரு படகு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய துண்டு தார்ப்பாயைக் கட்டப் பயன்படுகிறது.

குறைகளும் உண்டு. பத்து மணிக்கு மேல் ஐஸ் போதவில்லை. ஒருமுறை காணாங்கெளுத்தியின் வயிறு நெகிழ்ந்திருந்தது, மறுநாள் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். சுத்தம் செய்யும் கூலியை எடை போட்ட பிறகே சொல்கிறார். காற்று வலுத்தால் முன்னறிவிப்பின்றிக் கடை மூடிவிடுகிறது. கச்சான் காற்று இந்த மாதத்தில் இப்படி அடிக்காது என்று அவரே வியக்கும் நாள்கள் கூடிவருவதால், இதைக் கடையின் குறை என்று எழுதுவதா என்று எனக்கே தெரியவில்லை. காணும் பொங்கலன்று அரை முழம்கூட இல்லாத வஞ்சிரக் குட்டிகள் தட்டில் இருந்தன. உள்ளங்கை என்ன ஆயிற்று என்று கேட்டேன். வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார் என்றார். நான் வாங்கவில்லை, பின்னால் நின்றவர் வாங்கிக்கொண்டார்.

போவதாக இருந்தால் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நெத்திலியும் மத்தியும் நம்பி வாங்கலாம். சங்கரா வேண்டுமென்று தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு என்ன இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.