பேவர் பிளாக் போட்ட பின்வாசல்: பல மழை பார்த்த பிறகு

முதலில் எறும்பு. மணல் விரித்து அதன்மேல் அடுக்கிப் பதிக்கிற கான்கிரீட் கல்தான் பேவர் பிளாக். அதை விற்பவரும் பதிப்பவரும் எறும்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. காலையில் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் கல் இடுக்குகளை ஒட்டிப் பொடி மணல் குவிந்து கிடக்கிறது. காற்று கொண்டுவந்த மண் என்றால் கூட்டித் தள்ளிவிடலாம். இது கல்லுக்கு அடியில் இருக்கவேண்டிய மணல். வெளியே வர வர அந்த இடத்துக் கல் ஆடத் தொடங்குகிறது. எறும்புப் பொடி தூவினால் நாலு நாள் அடங்கும், பிறகு அடுத்த வரிசையில் ஆரம்பிக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம், சூலூர்ப் பக்கம் இருக்கும் பெரியம்மா மகன். அவன் வீட்டுப் பின்வாசல் சிமெண்ட் தளம் சுவரோரமாக இறங்கிவிட்டது. “அக்கா, உங்க வீட்ல போட்ட கல்லு நல்லா இருக்குதுங்களா? நானும் அதையே போட்டுறட்டுங்களா?” என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை.

எங்கள் வீடு கோவைக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் பருத்திக் காடாக இருந்த கரிசலில் இருக்கிறது. கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் வகை அதிகம். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அதன்மேல் நாலு அங்குலக் கான்கிரீட்டை ஊற்றினால் அது அசையாமல் கிடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தளம் நடுவைவிடச் சுவரோரம்தான் அதிகம் இறங்கியது. அதற்குக் காரணம் வேறு. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி எடுத்த அதே கரிசலை, சுவர் எழும்பியதும் அப்படியே குழிக்குள் தள்ளி மூடியிருக்கிறார்கள். தண்ணீர் விடவில்லை, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கவில்லை. போதாததற்கு மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயும் அந்த மூலையிலேயே வந்து இறங்கியது. ஐப்பசி மழைத் தண்ணீர் வெளியே ஓடாமல் வீட்டுச் சுவரை நோக்கி ஓடியது. சமையலறைச் சுவரில் ஓதம் ஏறி, முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி உதிர்ந்தது. வீடு கட்டிக் கொடுத்தவர் சில மணி நேர வேலையை மிச்சம் பிடித்ததற்கு நாங்கள் எத்தனை வருடம் சுவரைச் சுரண்டினோம்! இதை எழுதும்போதும் ஆத்திரம் வருகிறது.

முதலில் வந்த கொத்தனார், “மேல ரெண்டு இஞ்ச் கலவை போட்டு வாட்டம் குடுத்துட்டா சரியாயிருமுங்க” என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. போட்டார். கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பழைய தளமும் புதுப் பூச்சும் தனித்தனியாகப் பிரிந்து, ஓரத்தில் மெலிந்த இடமெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்தது. இரண்டு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 11 கிலோ. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் மண்மேல் அந்தச் சுமையையும் ஏற்றினால் இன்னும் இறங்கும். இறங்கியது. அடியில் மண் தொய்ந்திருந்தால் மேல்பூச்சு வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் தளத்தில் ஓட்டை போட்டு, சிமெண்ட் குழம்போ பாலியூரித்தேன் நுரையோ உள்ளே செலுத்தி, இறங்கிய கான்கிரீட் பலகையை அப்படியே மேலே தூக்குகிறார்கள். பலகை உடையாமல், மண்ணும் இறங்கி நின்றுவிட்ட இடத்துக்கு அருமையான முறை. எங்களுடையது துண்டு துண்டாக உடைந்திருந்தது, அடியில் இருப்பதோ வருடாவருடம் உப்பிச் சுருங்கும் மண்.

கடைசியில் மொத்தத்தையும் உடைத்து எடுத்தோம். அந்த வேலைக்கு வந்த மேஸ்திரி நன்றாக இருக்கவேண்டும். கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குழாயைப் பற்றித்தான் பேசினார். மாடித் தண்ணீர் சுவரோரம் விழாதபடி குழாயை நீட்டி, காம்பவுண்டை ஒட்டியிருந்த மழைநீர்க் குழியில் விட்டார். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பலர் வீட்டிலும் இப்படி ஒரு குழி இருக்கும். அது அஸ்திவாரத்தை ஒட்டி இருந்தால், கரிசல் பூமியில் தளம் போடுவதற்கு முன்பே அதைத் தள்ளிவைக்கிற வழியைப் பாருங்கள்.

பிறகு சுவரோரக் கரிசலை ஒன்றரை அடி ஆழத்துக்கு அள்ளிவிட்டு, செம்மண் கிராவலை அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் காட்டி, மெஷின் வைத்து இடித்து இறுக்கினார். தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்து, சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம். அந்த வாட்டம் கிராவலிலேயே வந்துவிட வேண்டும், மேலே விரிக்கும் மணலைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். மணல் எங்கும் ஒரே கனம், ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். அதன்மேல் 60 மி.மீ. கல். கார் ஏறும் இடம் என்றால் 80 மி.மீ. வாங்குங்கள். பேவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிலை உண்டு, ரசீதில் கனமும் கிரேடும் எழுதி வாங்குவது நல்லது. சுற்றிலும் ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதிக்கவேண்டும். அது இல்லாவிட்டால் கற்கள் மெல்ல வெளியே நகர்ந்து இடுக்கு அகன்றுவிடும்.

இனி நான் எதிர்பார்க்காத சந்தோஷம். சமையலறைக் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டு, சேம்பர் என்கிற கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும் வழியைத் தோண்டவேண்டி வந்தது. சிமெண்ட் தளமாக இருந்திருந்தால் டிரில்லிங் மெஷின், வீடெல்லாம் தூசி, பிறகு என்றைக்கும் நிறம் சேராத ஒட்டு. இங்கே பிளம்பர் ஒரு கல்லை நெம்பி எடுத்தார், மற்றவை கையோடு வந்துவிட்டன. குழாயை மாற்றி, மண்ணை இடித்து, மணல் விரித்து, அதே கற்களைத் திருப்பி வைத்து முடித்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. எந்த இடத்தில் தோண்டினோம் என்று இன்றைக்கு என்னாலேயே காட்ட முடியாது. ஒரு மூலை சற்றுத் தாழ்ந்தபோதும் இப்படியே எடுத்து, கிராவல் போட்டு, வைத்தாயிற்று. கரிசலில் தளம் அசையத்தான் செய்யும். அசைந்தால் உடைக்காமல் சரிசெய்ய முடிகிறதே, அதற்கே இந்தக் கல்லுக்குக் கும்பிடு போடலாம். சுவரும் காய்ந்துவிட்டது, புதுப் பெயிண்ட் உதிரவில்லை.

எறும்போடு சேர்ந்த இன்னொரு தொல்லை, இடுக்கில் முளைக்கும் கோரைப் புல். மேலே கிள்ளினால் தீராது, கிழங்கு அடியில் கிடக்கும். பக்கத்து வீட்டு அம்மா இடுக்கெல்லாம் சிமெண்ட் பால் ஊற்றச் சொல்கிறார். ஊற்றினால் எறும்பும் கோரையும் கொஞ்ச நாளைக்கு நிற்கும். ஆனால் கற்கள் எல்லாம் ஒட்டி மறுபடி ஒரே பலகையாகிவிடும், கழற்றி மாட்டுகிற வசதி போய்விடும். அதனால் ஊற்றவில்லை. மணல் வாங்கி, துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து இடுக்கை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. பொறுக்க முடியாதது அம்மாவின் வாக்கர். எறும்பு மணலைத் தள்ளிய இடத்தில் கல் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தாழ்ந்தால் போதும், வாக்கரின் கால் அந்த விளிம்பில் தட்டி நின்றுவிடுகிறது. நமக்குக் கண்ணிலேயே படாத அந்த ஒரு நூல், காலைத் தூக்கி வைக்க முடியாதவர்களுக்குப் படிக்கட்டு. போன மாதம் தடுமாறியவர், நல்லவேளையாகத் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பின்வாசலுக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறார். காலையில் கறிவேப்பிலை மரத்தடியில் உட்கார்வதுதான் அவருக்கு வெளியுலகம்.

ஆகவே தம்பி, வேண்டாம். மேலே புகழ்ந்ததில் ஒரு வரியையும் திரும்ப வாங்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனாலும் பெரியம்மா முட்டிவலியோடு நடமாடுகிற வீட்டில் இதைப் போடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடிமண் வேலையை எங்கள் மேஸ்திரி செய்தபடியே செய். அதன்மேல் கம்பி வலை வைத்துக் கான்கிரீட் போடு. எட்டடிக்கு ஒருமுறை, கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டு விடச் சொல். வெடிப்பு வந்தாலும் அந்த வெட்டோடு போகும். ஒரு வாரமாவது தண்ணீர் கட்டு. கழிவுக் குழாய் போகிற பாதைக்கு மட்டும் கல் வைத்துக்கொள்.

எங்கள் வீட்டிலும் சமையலறைக் கதவிலிருந்து கறிவேப்பிலை மரம் வரைக்கும், அம்மா நடக்கும் அகலத்துக்குக் கல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்லிவிட்டேன். கரிசலில் அது மறுபடி வெடிக்கும் என்கிறார் மேஸ்திரி. வெடிக்கட்டும், அப்போது உடைத்துப் போட்டுக்கொள்கிறோம்.