ஒப்பந்தம் எழுதித்தருகிறோம் என்று 14,750 ரூபாய் வாங்கிவிட்டுக் கைவிரித்த ஆன்லைன் தளம் – சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள் படித்துவிடுங்கள்

14,750 ரூபாய். கட்டணம் 12,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,250. இதற்கு எங்களுக்கு வந்தது 19 பக்க வேர்ட் ஃபைல் ஒன்று. அதில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் வருடம் 1,71,000 ரூபாய் ஏஎம்சி-யில் (ஏசி ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) வாடிக்கையாளருக்குக் கம்ப்ரசரும் நாங்களே வாங்கிப் போட வேண்டியிருக்கும். "ரீஃபண்ட் கிடையாது" என்ற கடைசி மெயில் நேற்று சாயங்காலம்தான் வந்தது. வயிறு எரிகிறது, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சுருக்கமாகத் தருகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி, டிரேட்மார்க், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே இடத்தில் என்று விளம்பரம் செய்கிற வகை. அந்த வகையில் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றிலும் இதே கவனம் வேண்டும்.

வேலை இது: கோவையில் ஒரு அலுவலகக் கட்டடம், 54 ஸ்பிளிட் ஏசி, 8 கேசட் ஏசி. லேபர் மட்டும் ஏஎம்சி. வருடத்துக்கு நாலு சர்வீஸ், இடையில் கூப்பிட்டால் வந்து பார்ப்பது. பார்ட்ஸ், கேஸ் எல்லாம் தனி பில். இதுவரை கொட்டேஷனும் பிஓ-வும் (பர்ச்சேஸ் ஆர்டர்) போதுமாக இருந்தது. இந்த முறை வக்கீல் எழுதிய முறையான சேவை ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். கெடுவும் கொடுத்தார்கள்.

நம்பியது எந்த இடத்தில் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள். தளத்தில் நம்பர் கொடுத்த ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. பேசியவர் விலையைச் சொல்லவில்லை. "பார்ட்ஸ் யார் பொறுப்பு சார்? கேஸ் டாப்-அப் உள்ளேயா வெளியேயா? வோல்டேஜ் பிரச்சினையில் போர்டு போனால் யார் கட்டுவது?" என்று வரிசையாகக் கேட்டார். தொழில் தெரிந்த ஆள் கேட்கிற கேள்விகள். பதிலை எல்லாம் குறித்துக்கொள்கிறேன் என்றார். "இந்தத் துறையில் அனுபவமுள்ள வக்கீல் நேரடியாக எழுதுவார், மூன்று வேலை நாள், ஸ்டாம்ப் பேப்பரும் சேர்த்து" என்றார். அந்தக் கேள்விகளுக்காகத்தான் 14,750 ரூபாயையும் முன்பணமாகக் கட்டினோம்.

பிறகுதான் புரிந்தது. போனில் பேசுகிறவர் விற்பனை ஆள். எழுதுகிறவர் கைக்குப் போவது நாம் நிரப்பிய படிவம் மட்டும். அதில் இருக்கிற கட்டங்கள் இரண்டு தரப்பின் பெயர், முகவரி, தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி. அரை மணி நேரம் போனில் சொன்ன ஒரு வார்த்தைக்குக்கூட அங்கே இடம் கிடையாது. குறித்துக்கொள்கிறேன் என்றது எங்கே குறித்தது?

மூன்று நாள் என்றது ஏழாம் நாள் வந்தது. திறந்தால் முதல் பக்கத்திலேயே எங்கள் நிறுவனத்தின் பெயர் தப்பு. பதினோராம் பக்கத்தில், ஒப்பந்தம் முடிந்ததும் சேவையாளர் சோர்ஸ் கோடை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பத்தி. ஏசி சர்வீஸுக்கு! பதினான்காம் பக்கத்தில் மும்பை நீதிமன்ற எல்லை, பதினேழில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டம். யாருக்கோ எழுதிய மென்பொருள் ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இவை கண்ணில் படுகிற தப்பு, அதனால் ஆபத்து குறைவு. கண்ணில் படாதவைதான் கழுத்தை அறுக்கும்.

வேலையின் எல்லையைச் சொல்கிற பிரிவில் இருந்தது ஒரே வாக்கியம்: ஏசிகளை நல்ல இயங்கும் நிலையில் வைத்திருக்கத் தேவையான அனைத்துப் பணிகளையும் சேவையாளர் செய்வார். படிக்க நன்றாக இருக்கும். இதற்குப் பெயர் காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சி. கம்ப்ரசர் எரிந்தாலும், பிசிபி (சர்க்யூட் போர்டு) போனாலும், காயில் ஓட்டையாகி கேஸ் இறங்கினாலும் நம் தலையில். ஒரு இன்வெர்ட்டர் ஏசிக்குக் கம்ப்ரசர் மாற்றினாலே பத்தாயிரத்தைத் தாண்டும், 1.5 டன் ஸ்பிளிட்டுக்கு நாங்கள் வாங்குவது வருடத்துக்கு 2,500. லேபர் ஏஎம்சி என்றால் என்னென்ன செய்வோம் என்று எழுதினால் மட்டும் போதாது, எவையெல்லாம் சேராது என்ற பட்டியல்தான் முக்கியம்: கம்ப்ரசர், பிசிபி, ஃபேன் மோட்டார், கேஸ், செம்புக் குழாய், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், இடி, எலி கடித்த வயர், வேறு ஆள் கைவைத்த மெஷின். இந்தப் பட்டியலில் ஒரு வரிகூட டிராஃப்டில் இல்லை. "இணைப்பு அ-வில் உள்ள ஏசிகள்" என்று நான்கு இடத்தில் வருகிறது, அந்த இணைப்பே இல்லை. சீரியல் நம்பர், டன், இருக்கும் இடம், ஒப்பந்தம் தொடங்கும் நாளில் மெஷினின் நிலை, இந்த நான்கும் இல்லாத இணைப்பு இருந்தும் பயனில்லை. ஏற்கெனவே பழுதாக இருந்த மெஷினையும் நம்மிடம்தான் கேட்பார்கள்.

அடுத்தது அபராதம். புகார் வந்த 4 மணி நேரத்தில் கோளாறு சரிசெய்யப்பட வேண்டும், தவறினால் நாளுக்கு ஆண்டுத் தொகையில் 5 சதவீதம். நாங்கள் போனில் சொன்னது 4 மணி நேரத்தில் ஆள் வந்து பார்ப்பார் என்று. வந்து பார்ப்பது வேறு, சரிசெய்து முடிப்பது வேறு. பார்ட்ஸ் வர நான்கு நாள் ஆகும் வேலையை 4 மணி நேரத்தில் யார் முடிப்பது? 5 சதவீதம் என்றால் நாளுக்கு 8,550 ரூபாய். உச்சவரம்பு இல்லை, இருபது நாளில் வருடப் பணம் முழுவதும் காலி. புகார் எந்த நம்பருக்கு, எந்த மெயிலுக்கு வந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை கணக்கா, அதுவும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை அப்படியே கிடைக்காது, அந்தத் தொகைக்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் என்பது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் பில்லில் பிடித்துக்கொள்வார், கோர்ட்டுக்கு அலையப்போவது நாம்.

பணம் 90 நாளில் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறுநிறுவனம். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது, தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. உத்யம் எண்ணை டிராஃப்டில் எங்குமே காணோம்.

தகராறு வந்தால் வாடிக்கையாளர் மட்டும் நியமிக்கும் தனி நடுவர். ஒரு தரப்பே இப்படித் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தம் முடிந்தபின் மூன்று வருடம் அதே பகுதியில் தொழில் செய்யக் கூடாது என்று இன்னொரு பத்தி, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லவே செல்லாது. வக்கீல் பார்த்த டிராஃப்டா இது?

ஸ்டாம்ப் பேப்பர்: வேறு மாநிலத்தின் 100 ரூபாய் இ-ஸ்டாம்ப். கையெழுத்தாவது கோவையில். தமிழ்நாட்டில் இந்த வகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 20 ரூபாயாக இருந்து 2024-இல் 200 ஆனது. தீர்வை குறைந்த ஆவணத்தைக் குறைந்த தொகையையும் அதற்கான அபராதத்தையும் கட்டாமல் கோர்ட்டில் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பக்க எண்ணோடு எழுதி அனுப்பினேன். "சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில். இரண்டு நாள் கழித்து அந்தப் புகார் டிக்கெட் மூடப்பட்டிருந்தது. புது டிக்கெட் போட்டேன், கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். பெயரை மட்டும் திருத்தி அனுப்பினார்கள், அது ஒரு திருத்தச் சுற்றாம். நிறுவனப் பெயரில் விட்டுப்போன ஒரு புள்ளியைச் சேர்த்தது இரண்டாவது சுற்றாம். "இலவசத் திருத்தங்கள் இரண்டும் முடிந்தன, மேற்கொண்டு 3,000 ரூபாய்." முதலில் போனில் பேசிய ஆளைக் கூப்பிட்டால், "நான் சேல்ஸ் சார், டிராஃப்டிங் டீம்தான் சொல்லணும்". எழுதிய வக்கீலின் பெயரும் பார் கவுன்சில் பதிவு எண்ணும் கேட்டேன், தனியுரிமையாம், தர முடியாதாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும் வந்த மெயிலில், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். வக்கீலின் பெயரைச் சொல்லக் கேட்டால் மட்டும் வாய் திறக்கவில்லை! கடைசியில் 1,000 ரூபாய் வாலட் கிரெடிட் தருகிறார்களாம், அதே தளத்தில் செலவழிக்க. 14,750 ரூபாய்க்கு.

கெடு முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது. இங்கே பக்கத்தில் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம், அதனால் விரிவாக எழுத நேரமில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

பணம் கட்டும் முன் எழுதப்போகும் வக்கீலின் பெயரையும் பதிவு எண்ணையும் மெயிலில் வாங்குங்கள், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எம்எஸ் என்று தொடங்கும், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் கேட்டுச் சரிபார்க்கலாம்.

போனில் சொன்னதை எல்லாம் அன்றைக்கே மெயிலாக அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள்.

முழுப் பணத்தையும் முதலில் கட்டாதீர்கள்.

எது திருத்தச் சுற்று, அவர்களின் பிழையைத் திருத்துவதும் அதில் சேருமா என்று கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.