தாத்தாவா, பேரனா?

சீனாவை ஆண்ட மிங் வம்சம் 1644இல் சரிந்தது. குழி பறித்தவர் யார் என்று கேட்டால், வான்லி, அவருடைய பேரன் தியான்ச்சி என்று இரண்டு பேரரசர்களின் பெயர்கள் வந்து நிற்கும்.

வான்லி 1572இல் சிறுவனாக அரியணை ஏறி 48 ஆண்டுகள் ஆண்டார். ஆசை நாயகி ஜெங் பெற்ற மகனை வாரிசாக்க நினைத்தார். மூத்தவனே வாரிசு என்று அமைச்சர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். 1601இல் பணிந்தார், ஆனால் மன்னிக்கவில்லை. அரசவைக்கு வருவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். மனுக்கள் பதிலின்றிக் குவிந்தன. அதிகாரிகள் செத்தாலும் விலகினாலும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. வசூலை மட்டும் மறக்கவில்லை: 1596 முதல் சுரங்க வரிக்கு அண்ணகர்களை (விதை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களை) ஊர் ஊராக அனுப்பினார்.

தியான்ச்சியின் கதை வேறு. 14 வயதில் பட்டம் சூடியவருக்கு உளியும் ரம்பமும்தான் உலகம். மரத்தை இழைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வெய் ஜோங்சியான் என்ற அண்ணகர் கோப்புகளை நீட்டுவாராம். "நீயே பார்த்துக்கொள்" என்பது பதில். விளைவு பயங்கரம். 1625இல் வெய்யை எதிர்த்த டோங்லின் அணி அதிகாரிகள் சிறையில் வதைபட்டு இறந்தார்கள். உயிரோடு இருந்த வெய்க்கு மாகாணங்களில் கோயில்கள் எழும்பின!

கொடுமையில் பேரன் காலம்தான் மோசம். ஆனாலும் என் விரல் தாத்தாவை நோக்கியே நீளுகிறது. வெய்யை விலக்க ஓர் ஆட்சி மாற்றம் போதுமானதாக இருந்தது: 1627இல் தியான்ச்சி இறந்தார், அதே ஆண்டில் வெய் தூக்கில் தொங்கினார். வான்லி காலியாக விட்ட நாற்காலிகளுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை.