தன் கலியாணத்தைத் தானே நடத்தலாமா? ஐயரும் போதகரும்

கிளிநொச்சிப் பக்கம் ஐயர் வீட்டுக் கலியாணத்தில் மாப்பிள்ளைக்கே மந்திரம் மனப்பாடம். ஆனாலும் இன்னொரு குருக்கள் முன்னால் இருந்து சொல்லிக்கொடுக்க, தர்ப்பைப் பவித்திரம் போட்ட விரலோடு இவர் திருப்பிச் சொல்லுவார். காப்புக் கட்டியபின் அவர் மாப்பிள்ளை மட்டும்தான். கலியாணம் ஆகாதவருக்கு சடங்கு நடத்தும் குருவாக்கும் ஆசாரியாபிஷேகமும் இல்லை; பிறகு எப்படி நடத்துவது?

போதகர் கதை வேறு. பதவியோடேயே மாப்பிள்ளையாகலாம். ஆனால் "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளுகிறாயா?" என்று தன்னையே கேட்டு, தானே "ஆம்" என்றால் சபை சிரித்துவிடும். பக்கத்து ஊர்ப் போதகரைக் கூப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மடு மாதா கோயில் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. கத்தோலிக்க இலத்தீன் முறையில் மணமக்களே ஒருவருக்கொருவர் திருமணம் என்ற திருவருட்சாதனத்தை (புனிதச் சடங்கை) வழங்குகிறார்கள். பாதர் திருச்சபையின் சாட்சி. மாப்பிள்ளையாக நிற்கத்தான் அவருக்கு வழியில்லை.