பெட்ரோலா, ஹைப்ரிடா, மின்சாரமா: பெங்களூர்க் கணக்கு

நடுத்தர அளவில் மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம்: ஒன்று பெட்ரோல், ஒன்று ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோடு சிறிய பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்தது), ஒன்று முழு மின்சாரம். பெங்களூரில் வேலைக்குப் போய்வருகிறவர் வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊர் நெரிசலில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தாண்டுவது கஷ்டம். லிட்டர் 102 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு எட்டரை ரூபாய் ஆகிறது. ஹைப்ரிட் அதே ரோட்டில் 20 கொடுக்கும். ஐந்து ரூபாய் சொச்சம். மின்சாரக் காரை வீட்டு மீட்டரில் போட்டால், வரி சேர்த்து யூனிட் சுமார் 7 ரூபாய், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது காசு.

வருடத்துக்கு முறையே 85,000, 51,000, 12,000. மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிட 3 லட்சம் கூடுதல் என்றாலும் நாலு வருடத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும்.

ஆனால் இது சொந்த பார்க்கிங்கும் பிளக்கும் இருப்பவருக்கான கணக்கு. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் நம் தமிழர்கள் வீடுகள் பலவற்றில் வாசலில் கார் நிறுத்த இடமே கிடையாது. மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தெருவுக்கு இறக்கிச் சார்ஜ் போடுவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. மழை பெய்து ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும்? தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால், ஜிஎஸ்டியோடு யூனிட் 20 ரூபாயைத் தாண்டும். கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். போட்ட பணம் திரும்ப ஆறு வருடம். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால், வீட்டில் சார்ஜ் போட்டாலும் எட்டு வருடம் தாண்டிவிடும். பெரும்பாலான பேட்டரி வாரண்டி முடிவதும் அந்த எட்டாவது வருடத்தில்தான்.

வரி பக்கம் சுருக்கமாக: கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு வாழ்நாள் வரி 17%. மின்சாரக் கார்களுக்கு 2016 முதல் விலக்கு இருந்தது. 2024ல் 25 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 10% போட்டார்கள். விதி மாறிக்கொண்டே வருவதால், புக் பண்ணும் நாளில் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அப்புறம் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல். சாயங்காலம் ஏசி போட்டபடி ஒரு மணி நேரம் அங்கே ஊர்ந்தால் பெட்ரோல் கார் நகராமலே ஒரு லிட்டர் அளவுக்குக் குடித்துவிடும். மின்சாரக் காருக்கு ஏசிக்காக ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் போகும். நூறு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் இது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பக்கத்தில் ஸ்கூட்டரின் முன்னால் நிற்கிற குழந்தை எந்தப் புகையைச் சுவாசிக்கிறது என்பது.

சரி, சுற்றுச்சூழல். "கரி எரித்த கரண்ட்டில்தானே ஓடுகிறது?" என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. கம்பியில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 140 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, சுத்திகரித்துக் கொண்டுவரும்போது வெளியாவதையும் சேர்த்தால் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 230 கிராம். ஹைப்ரிடுக்கு? அதுவும் ஏறக்குறைய 140தான். மின்சாரக் கார் ஆதரவாளர்கள் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

பேட்டரி செய்யும்போதே கடன் ஏறிவிடுகிறது. 40 யூனிட் பேட்டரிக்கு ஏறத்தாழ 3 டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், பெட்ரோல் காரோடு ஒப்பிட்டு அதை ஈடுகட்ட 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருடக்கணக்கில் வாசலிலேயே நிற்கிற மின்சாரக் காரால் பூமிக்கு ஒரு லாபமும் இல்லை.

இருந்தும் நான் மின்சாரத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம், ஹைப்ரிடின் 140 பதினைந்து வருடமும் 140 ஆகவே இருக்கும். மின்சாரக் காரின் 140 நாம் எப்போது சார்ஜ் போடுகிறோம் என்பதைப் பொறுத்து இன்றே குறையும். தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. பகலில் அதன் மின்சாரம் கிடைக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு வந்து பிளக் போடும்போது ராய்ச்சூர், பல்லாரி அனல் நிலையங்களைத்தான் அதிகம் நம்புகிறோம். ஆபீஸில் சார்ஜர் இருந்தால் மதியம் போடுங்கள். அதே கார், குறைவான கரியில் ஓடும்.

ஊருக்குப் போவதற்கு எது? சேலம் 200 கிலோமீட்டர். போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்குவதால் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பியும் ஏறும். திரும்பி வரும்போது, சேலத்தைவிட பெங்களூர் உயரமாக இருக்கிற அந்த 600 மீட்டரையும் ஏற வேண்டும். மூன்று யூனிட் கூடுதல், அதாவது 20 கிலோமீட்டர் தூரம் குறையும். கிளம்பும்போதே இதை மனதில் வைத்தால் கவலையில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரி பக்கம் சார்ஜருக்குக் காத்திருப்பதுதான் தொல்லை. மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர் போகிறவருக்கு இப்போதைக்கு ஹைப்ரிட்தான் நிம்மதி.

பிளக் இருக்கிறது, தினமும் ஓட்டம் இருக்கிறது என்றால் மின்சாரக் கார் வாங்குங்கள், தயங்க வேண்டாம். வாரக் கடைசியில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற பழைய பெட்ரோல் கார் நன்றாக ஓடினால் அதை விற்காதீர்கள். வார நாட்களுக்கு மெட்ரோவும், ஓசூரில் செய்கிற மின்சார ஸ்கூட்டர் ஒன்றும் போதும். அதன் பேட்டரி 3 யூனிட்டைச் சுற்றித்தான்; வீட்டின் சாதாரண பிளக்கிலேயே ராத்திரி ஏறிவிடும்.