‘அசார்ட்டட் ஆப்பிரிக்கன் சிக்லிட்’: பெரிய தொட்டிக்கு வாங்கலாமா?

வளர்ப்பு மீன் கடையில் மஞ்சள், நீலம், ஆரஞ்சு எனச் சிறு சிக்லிட் மீன் குஞ்சுகள் கலந்து நீந்தும் தொட்டியில் ‘அசார்ட்டட் ஆப்பிரிக்கன்’, அதாவது பல இனக் கலவை, என்று ஒட்டியிருப்பார்கள். முப்பது குஞ்சுகளை ஒரு பையில் அள்ளி வந்தால் ஆறடித் தொட்டி ஒரே நாளில் நிறைந்துவிடும் என்பதுதான் இதன் கவர்ச்சி. முதல் சில மாதங்கள் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. மீன்கள் 7, 8 செ.மீ. தொட்டதும் சண்டை ஆரம்பிக்கும்.

பையில் இருப்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள். ஒரே ஏரி என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. எம்புனா வகை பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும், குடல் நீளம். பீகாக் வகை மணலில் சிறு உயிர்களைத் தேடும் சாது. வீனஸ்டஸ் போன்ற ஹாப்கள் மீனைத் தின்பவை, 25 செ.மீ. வரை வளரும். ஹாப்புக்கு ஏற்ற புரதத் தீனியையே எல்லாவற்றுக்கும் போட்டால் எம்புனாவுக்கு வயிறு உப்பி, வெள்ளை நூல் போலக் கழிவு வரும். அந்த நிலையில் பிழைப்பது அரிது.

பையில் முதலில் தேட வேண்டியது அவுராட்டஸ் என்ற எம்புனா. குஞ்சில் பளிச்சென்ற மஞ்சள் உடம்பு, அதில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். பார்த்தவுடன் எடுக்கத் தோன்றும். ஆண் பருவத்துக்கு வந்ததும் நிறம் தலைகீழாகும்: உடம்பு கறுக்கும், கோடுகள் வெளிறும். பத்து செ.மீ. சொச்சம் இருக்கும் அந்த ஒரு மீன் ஆறடித் தொட்டியையே ஆளும். வால் கிழிந்த மீன்கள் ஹீட்டர் பக்கத்தில், மேல் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

180×60×60 செ.மீ. தொட்டிக்கு, அதாவது சுமார் 650 லிட்டருக்கு, பெயர் தெரிந்த மீன்களாக எடுப்பதே மேல். எம்புனா மட்டும் என்றால் எல்லோ லேப், ஏசி, ரஸ்டி என்ற மூன்று இனங்களும் ஒத்துப்போகும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் மொத்தம் முப்பது வரை விடலாம். எல்லோ லேபுடன் ரெட் ஜீப்ரா என்ற எம்புனாவைச் சேர்க்காதீர்கள், இரண்டும் கலந்து குஞ்சு விடும். பையில் வரும் ‘எல்லோ லேப்’ ஆரஞ்சு சாயலோடு, முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு மங்கலாக இருந்தால் அது அந்தக் கலப்பாக இருக்கலாம். ஆண் பீகாக்குகள் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பையே உதவாது, அந்த வயதில் ஆண், பெண் தெரியாது. குஞ்சு பீகாக் முழு நிறத்தில் மின்னினால் நிறம் வர ஹார்மோன் கொடுத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

எல்லா மீன்களையும் ஒரே நேரத்தில் விட்டால் எல்லைச் சண்டை குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளராத புதுத் தொட்டியில் முப்பது மீன் விட்டால் அமோனியா ஏறும். பி.எச். 8-க்கு மேல் அதன் நச்சும் கூடும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விட வேண்டும். அதற்கு முன் புது மீன்களை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்து, நோய் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெரிய பாறைகளை மணல் போடும் முன்பே அடியில் பதித்து வையுங்கள். மணல் மேல் வைத்தால் மீன் தோண்டத் தோண்டச் சரிந்து கண்ணாடியை உடைக்கும்.

ஆக, தரம் பிரித்து வளர்க்க இன்னொரு தொட்டி இருப்பவருக்கு மட்டும் இந்தப் பை சரி. ஏற்கெனவே வாங்கி விட்டாயிற்று என்றால் அவுராட்டஸை முதலில் வெளியேற்றுங்கள். பாறைகளை எடுக்காமல் அது கைக்குச் சிக்காது. எடுத்ததுதான் எடுத்தீர்கள், திரும்பி அடுக்கும்போது இடம் மாற்றி அடுக்கி, அன்றிரவு விளக்கை அணைத்துவிடுங்கள். பழைய எல்லைகள் கலைந்திருக்கும்.