குளிரில் செல்ஃப் எடுக்காத பழைய பைக்: பேட்டரி மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கோத்தகிரியில் பல வருடமாக நான் ஓட்டுவது பழைய 150 சிசி கார்புரேட்டர் பைக். எஞ்சினைக் குறை சொல்லவே முடியாது, செல்ஃப் மட்டும்தான் படுத்தி எடுத்தது. விடியற்காலையில் பட்டனை அமுக்கினால் ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்) 'டிக் டிக்' என்று அடித்துவிட்டு அடங்கிவிடும், வெயில் ஏறியதும் அதே வண்டி ஒரே அமுக்கில் எடுக்கும். மேட்டுப்பாளையத்தில் இறக்கிக் காட்டினால் அந்தச் சூட்டில் கோளாறே தெரியாது.

எல்லோரும் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14க்கு மேல், பட்டனை அமுக்கும்போதும் பேட்டரி முனையில் 11க்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பாடியிலும் வைத்து செல்ஃப் அடித்தேன். அங்கே 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், இரண்டைத் தாண்டியது. பேட்டரி நெகட்டிவை எஞ்சின் பாடியோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. மலையில் மாதக்கணக்காக மூடுபனியில் நிற்கிற வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம்.

சரி, காலையில் மட்டும் ஏன்? குளிரில் பேட்டரியின் பலம் குறையும், ஆயில் கெட்டியாகி எஞ்சின் இறுகும், அதைச் சுழற்ற மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். கரண்ட் கூடக் கூட அந்தத் துருப்பிடித்த இணைப்பில் வோல்ட் இழப்பும் கூடும். மத்தியானம் எப்படியோ சமாளித்தது காலையில் படுத்துவிடுவது இதனால்தான். பழைய எஞ்சின் சத்தம் போடுகிறது என்று கெட்டியான ஆயில் ஊற்றுவதும் இங்கே செல்ஃபுக்கு எமன், கம்பெனி சொன்ன கிரேடையே ஊற்றுங்கள்.

நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, போல்ட்டையும் வயர் முனையையும் எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வேசலின் தடவினேன். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்னாளில் செல்ஃப் வெயிலிலும் மந்தமானபோது மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, மாற்றியதும் சரியாகிவிட்டது. மோட்டார் 'விர்'ரென்று சுற்றி எஞ்சின் மட்டும் அசையாவிட்டால், மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச்சைப் பாருங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் எர்த் போல்ட்டை ஒருமுறை கழற்றித் துடைத்துவிடுகிறேன். மலையில் ஓட்டப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கிக்கர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.